இடப்பக்கம் முறுக்கிய நூல்

ஆதம்பாவாவின் மூளையைக் குங்கிலியப் புகை பிடித்துவிட்டது என்றே அவருடைய வீட்டார் அந்நாளில் நம்பினார்கள். அவர் வள்ளங்களுக்குக் கலப்பத்துப் பார்ப்பவர். அதாவது, பலகைகள் பொருந்தும் இடைவெளிகளில் பஞ்சு நூலை உளியால் அடித்து இறக்கி, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மசகைப் பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பவர். சிறுவயதிலிருந்தே அந்தப் புகையின் நடுவில் நின்றவர். ஆங்கிலேயக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது அங்கே அவர் பார்த்த வேலையும் போயிற்று. அடுத்த வருடம் அவர் சுவரோடு கதைக்கத் தொடங்கினார். இத்தனை காலம் உள்ளே போன புகை, வேலை நின்றதும் வெளியேற வழியில்லாமல் மண்டைக்குள் உறைந்துவிட்டது என்று அவருடைய மனைவியின் மாமா விளக்கினார். விளக்கம் எல்லாருக்கும் பொருத்தமாகப் பட்டது. ஆகவே, உளியையும் அதை அடிக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடுவதையும் நிறுத்தினார்கள்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடங்களுக்குப் பிறகு இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் இருந்த பதவியில் இப்போது இருப்பவர் அண்மையில் கடிதம் எழுதியிருந்தார். மனநலக் கிளினிக்குக்குப் புதிய படிவங்கள் வந்திருக்கின்றனவாம். பழைய படிவங்களைக் கட்டி வைக்கும்போது, எல்லாவற்றிலும் கையால் கோடு போட்டுச் சேர்த்த ஒரு நிரலைக் கண்டாராம். அதன் தலைப்பு ‘யாரோடு சாப்பிட்டார்’. இது என்ன கணக்கு என்று கேட்டிருந்தார். ஒரு பக்கத்தில் பதில் எழுத முயன்றேன், முடியவில்லை.

நான் தாதியாகப் பயின்றவள். மூன்று வருடம் வார்டுகளில் நின்றபின், என்னை ஒரு வருடம் கொழும்புக்கு அனுப்பி, மனநோயாளருக்கு வேலை மூலம் சிகிச்சை அளிக்கும் முறையைக் கற்பித்தார்கள். கூடை பின்னவும் பாய் இழைக்கவும் துணிப் பொம்மை தைக்கவும் கற்றேன். பொம்மை மட்டும் கைவரவில்லை. எந்தப் பொம்மையைத் தைத்தாலும் அது என்னுடைய பெரிய தாயாரைப் போலவே கோபமாகப் பார்த்தது. திருகோணமலைக்குத் திரும்பி வந்ததும் எனக்கு ஒரு தகரக் கொட்டகையும் நோயாளர் இருக்க ஆறு வாங்குகளும் தந்தார்கள். கொட்டகை கடற்படை விட்டுப்போனது. கதவில் ‘உள்ளே வரத் தடை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை அழிக்கப் பூச்சு கேட்டு எழுதிய கடிதத்துக்கு நான் ஓய்வு பெறும்வரை பதில் வரவில்லை. நோயாளர்கள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு தினமும் வந்தார்கள்.

எனக்கு மேலிருந்தவர் டொக்டர் அருமைநாயகம். மெலிந்த மனிதர், எதிலும் அவசரப்பட்டதை நான் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் இரண்டு பென்சில்களைச் சவர அலகால் சீவி, சீவலைக் கடதாசியில் மடித்துக் குப்பைக் கூடையில் போடுவார். அதன்பின்தான் முதல் நோயாளி உள்ளே வரலாம். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று அவர் யாரையும் கேட்டதில்லை. “அப்பிடிக் கேட்டால், மிஸ், எல்லாரும் சுகம் எண்டுதான் சொல்லுவினம். அது நோயைப் பற்றின செய்தியில்லை, மரியாதை” என்பார். அவர் கேட்பது வேறு. நேற்று மத்தியானம் எங்கே சாப்பிட்டீர்கள், பக்கத்தில் யார் இருந்தது, அவர் என்ன கதைத்தார். சுகாதாரப் பகுதி தந்த படிவத்தில் வேலை செய்த நேரம், செய்த அளவு, நடத்தை என்று மூன்று நிரல்கள் இருந்தன. நான்காவதை அவர் அடிமட்டம் வைத்துத் தாமே கீறினார். ஒவ்வொரு படிவத்திலும் கீறினார். அச்சடிக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். “அச்சடிச்சால் நீங்கள் வாசிக்கமாட்டீங்கள்” என்றார்.

ஆதம்பாவாவை அவருடைய மனைவி அவ்வாஉம்மா அழைத்து வந்தபோது அவருக்கு நாற்பது வயதிருக்கும். கொழும்புப் பக்கத்து மனநோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தார். அவர் காதில் கேட்ட குரல்கள் அடங்கியிருந்தன. ஆனால், குறிஞ்சாக்கேணியில் அவர் இருந்தது மனைவியின் வீடு. எங்கள் மாவட்டத்து வழக்கப்படி மணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குத்தான் போய் வாழ்வார். உழைக்கும் மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒரு கதிரை உண்டு. உழைக்காத மாப்பிள்ளைக்கும் அதே கதிரைதான். ஆனால், அதிலிருந்து எழுந்திருக்க யாரும் விடுவதில்லை. அவரை எல்லாரும் அன்பாக நடத்தினார்கள். தண்ணீர் அள்ளப் போனால் வாளியைப் பிடுங்கினார்கள். அவர் வந்தால் கதையை நிறுத்தினார்கள்.

எங்கள் கொட்டகையில் அவருக்குச் சாக்குத் தைக்கக் கொடுத்தேன். மிக மோசமாகத் தைத்தார். மூன்று கிழமையின்பின் டொக்டர் ஒரு சாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வள்ளம் அடைக்கிற ஆளைச் சாக்குத் தைக்க விட்டால், சாக்கைப் பற்றித்தான் எங்களுக்குத் தெரியவரும். வள்ளம் கட்டிற இடம் ஒண்டு பாருங்கோ, மிஸ்.”

குறிஞ்சாக்கேணியில், கடல் உள்நுழைந்த களப்போரமாக, ஒரு வாடி, ஓலைக் கூரை போட்ட வேலைத்தலம், இருந்தது. விறகும் நெல்லும் ஏற்றிப் பட்டணத்துக்குப் போகும் வள்ளங்களை அங்கே கரையில் ஏற்றித் திருத்துவார்கள். அதன் உரிமையாளர் சேகு முதலாளி. பஸ்ஸில் துறையடிக்குப் போய், மிதவையில் கண்ணை மூடிக்கொண்டு கடந்து, வெயிலில் நடந்து அவரிடம் போனேன். இளநீர் தந்தார், சம்மதம் தரவில்லை.

“ஆதம்பாவா நல்ல தொழிலாளி, மிஸி. அத நான் இல்லையெண்ட மாட்டன். ஆனா வள்ளத்தில சனம் ஏறுது. தண்ணி வந்தா, கடலுக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் காட்டேலாது.”

இரண்டாம் முறையும் போனேன். மூன்றாம் முறை, வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனம் வரவில்லை. நான்தான் அதைச் சொன்னேன். ஆதம்பாவா பின்னேரத்து அசர் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போகட்டும், அவர் போனபின் உங்களுடைய மற்றக் கலப்பத்துக்காரர் அவருடைய வேலையை ஒருமுறை பார்த்துவிடட்டும், ஆதம்பாவாவுக்குத் தெரியவேண்டியதில்லை. முதலாளியின் முகம் தெளிந்தது. மற்றக் கலப்பத்துக்காரர் றசாக், ஆதம்பாவாவைவிடப் பத்து வயது இளையவர், தலையாட்டினார். வீட்டாரிடம் வேறு ஒப்பந்தம்: ஆதம்பாவா நூல் மட்டும் அடிப்பார், குங்கிலியச் சட்டிக்குப் பக்கத்தில் போகமாட்டார். அலுமாரி திறக்கப்பட்டது. டொக்டரிடம், “இடம் கிடைத்துவிட்டது” என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் ஒன்றுமில்லை என்று அன்று நினைத்தேன்.

கிழமைக்கு ஒருமுறை வாடிக்குப் போவேன். அவர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. இடக்கைக்காரர். நூலைத் தொடையில் வைத்து இடப்பக்கமாக முறுக்குவார். இடைவெளியில் வைத்து, உளியை நிறுத்தி, கொட்டாப்புளியால் மூன்று அடி. மூன்றாவது அடியின் சத்தத்தைக் கேட்டபின்தான் உளியை நகர்த்துவார். முதல் கிழமை ஒரு பாகம், அதாவது விரித்த இரு கைகளின் நீளம், அடைத்தவர் ஐந்தாம் கிழமை ஒரு பக்கத்தையே முடித்தார். மூன்று நிரல்களையும் மகிழ்ச்சியோடு நிரப்பினேன். நான்காவதில் ஒவ்வொரு கிழமையும் ‘தனிப் பீங்கான்’ என்று எழுதினேன். வாடியில் மத்தியானச் சோறு ஒரு பெரிய சகனில் வரும். தொழிலாளர்கள் அந்தத் தட்டைச் சுற்றியிருந்து ஒன்றாகக் கையிட்டுச் சாப்பிடுவார்கள். ஆதம்பாவாவுக்கு மட்டும் பூப்போட்ட பீங்கானில், நிழலான பக்கத்தில், பெரிய மீன் துண்டோடு. “நோயாளி மனிசன், மிஸி, நல்லாத் திண்ணட்டும்” என்றார் முதலாளி. அதையும் எழுதினேன். டொக்டர் ஒவ்வொரு கிழமையும் ‘தனிப் பீங்கான்’ என்பதன் கீழ்ப் பென்சிலால் கோடிட்டார். மரியாதையாகத்தானே வைக்கிறார்கள் என்று நினைத்து நான் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை.

ஏழாம் கிழமை அவ்வாஉம்மாவும் மாமாவும் ஆதம்பாவாவைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. சவரம் செய்யவில்லை. அதே கதிரையில் இருந்துகொண்டு ஒரே கதையைச் சொல்கிறாராம்.

“என்ட நூலை மாத்துறாங்க” என்றார் ஆதம்பாவா. “நான் வீட்ட வந்தாப் பொறகு புடுங்கிப் போட்டு வேற நூல் அடிக்கிறாங்க.”

“கேட்டீங்களா மிஸி?” என்றார் மாமா. “மெனக்கெட்டு நூல் மாத்த ஆரு வருவான்? ஜின்னுக்கு வேற வேலையில்லையா? நான் அண்டைக்கே சொன்னன், அந்தப் புகைக்குள்ள விடாதீங்க எண்டு.”

அவ்வாஉம்மா அழவில்லை. “திரும்பப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா இந்தத் தரம் எத்தின மாசம் வெச்சிருப்பாங்க, மிஸி?” என்று மட்டும் கேட்டார்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். ‘தன் வேலையைப் பிறர் இரகசியமாக மாற்றுவதாகச் சந்தேகம். நோய் திரும்புவதன் அறிகுறி.’ எழுதும்போதே எனக்கு விடயம் தெரியும் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கை பழகிய வழியில் போனது. நான் அதை நிறுத்தவில்லை.

டொக்டர் குறிப்பை வாசித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும் படிவம் மேசையில் இருந்தது. மாமா கையெழுத்திடத் தயாராகத் தம்முடைய பேனையைத் திறந்து வைத்திருந்தார். டொக்டர் அந்தப் படிவத்தைத் தொடவில்லை.

“மாத்தினது எண்டு எப்பிடித் தெரியும், ஆதம்பாவா?”

அந்தக் கேள்வியை அதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அவர் சாரத்தின் மடியை அவிழ்த்து இரண்டு நூல் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது நான் முறுக்கினது. நான் பீச்சாங்கை, இடப்பக்கம் முறுக்கு. இது, நான் அடைச்ச இடத்தில உளியால கிண்டி எடுத்தது. வலப்பக்கம். நூல் தானாத் திரும்பிப் படுக்காது, டொக்டர்.”

டொக்டர் இரண்டையும் விரல்களுக்கிடையில் உருட்டினார். யன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி வந்து இருந்தார்.

“மிஸ், இதைப் பற்றி உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கும் அனுப்பாமல் விடுவதற்கும் இடையில் நின்றது என்னுடைய ஒரு சொல். “தெரியும், டொக்டர்” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்கச் சொன்னேனே தவிர மாற்றச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அது எனக்கே சிறியதாகக் கேட்டது.

டொக்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அடிமட்டத்தை எடுத்து, என் குறிப்பின் குறுக்கே இரண்டு நேர்க்கோடுகள் கீறினார். கீழே எழுதினார்: ‘நோயாளி சொன்னது உண்மை.’ பக்கத்தை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துக் கேட்டார். கையெழுத்திட்டேன்.

ஆதம்பாவா அதை உற்றுப் பார்த்தார். “அப்ப எனக்கு விசர் இல்லையா, டொக்டர்?”

“அது வேற கதை. நூல் விசயத்தில இல்லை.”

“எண்டா இந்தக் குளிசை?”

“அது நித்திரைக்கும் மற்றக் குரலுக்கும். நூலுக்கில்லை. நிப்பாட்டக் கூடாது.”

ஆதம்பாவா நூல் துண்டுகளை எடுத்து மீண்டும் மடியில் முடிந்துகொண்டார். “நான் குடிக்கிறன்” என்றார். “றசாக்குக்கும் ஒண்டு குடுங்க.”

மாமா பேனையை மூடினார். அவர்கள் எழுந்தபோது டொக்டர் என்னிடம் சொன்னார்: “இவருக்கு வருத்தம் திரும்பிட்டுது எண்டு அந்த வாடியில எத்தனை பேர் கதைச்சிருப்பினம்? அத்தனை பேரும் ஒண்டா இருக்கேக்க போய்ச் சொல்லுங்கோ. கடிதம் வேண்டாம்.”

ஒன்றாக இருப்பது மத்தியானச் சோற்று நேரத்தில்தான். சனிக்கிழமை போனேன். ஆதம்பாவாவும் வந்திருந்தார். சகனைச் சுற்றி மூவர், நிழலில் பூப்போட்ட பீங்கான். சாப்பிட இருந்தவர்களை நிறுத்தி நின்றபடியே சொன்னேன். அவருடைய நூலை மாற்றியது உண்மை. அதற்கு வழி செய்தது நான். அவருக்கு எதுவும் திரும்பவில்லை. சோற்றின்மேல் ஈ மொய்த்தது. யாரும் விரட்டவில்லை.

றசாக், அண்ணனிடம் சொல்வதுபோல, ஆதம்பாவாவிடம் தலை குனிந்து சொன்னார். “புடுங்கச் சொல்லி ஆரும் சொல்லல்ல, காக்கா. பாக்கத்தான் சொன்னாங்க. பாத்தன், பயம் வந்திச்சு, புடுங்கினன்.”

“நூல் லூசா இரிந்திச்சா?” என்று ஆதம்பாவா கேட்டார்.

“இல்ல. கல்லு மாதிரி இரிந்திச்சு. புடுங்கவே ஏலாமப் போச்சு.”

“பயம் வந்தா ஓதுறதுதானேடா. என்ட நூல் உனக்கு என்ன செஞ்சிச்சு?”

முதலில் சிரித்தவர் சேகு முதலாளி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி, கரையில் ஏற்றியிருந்த அந்த விறகு வள்ளத்தில் ஆதம்பாவா அடைப்பதை ஒருவரும் தொடமாட்டார்கள் என்றார். என் பக்கம் திரும்பினார். “ஆனா மொத ஓட்டத்தில மிஸியும் ஏறணும். எங்கட ஆக்கள்ர பயத்த மட்டும் குறை சொல்லேலாது பாருங்க.”

நியாயமான நிபந்தனை. எனக்கு நீந்தத் தெரியாது. மறுக்க ஒரு காரணம் தேடினேன்; கிடைக்கவில்லை.

றசாக்கின் நூலைக் களைந்து ஒரு பக்கம் முழுவதையும் ஆதம்பாவா மீண்டும் அடைக்கப் பத்து நாள் சென்றது. குங்கிலியச் சட்டியையும் அவரே கிளறினார். மாமா கரையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாராம். பதினோராம் நாள் காலை விறகுக் கட்டுகளுக்கு நடுவில் என்னை இருத்தினார்கள். ஆதம்பாவாவும் றசாக்கும் முதலாளியும் இரண்டு வள்ளக்காரர்களும். களப்பு வாயைத் தாண்டிக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்ததும் வள்ளம் ஆடத் தொடங்கியது. நான் கடலைப் பார்க்கவில்லை, அடித்தளத்தையே பார்த்தேன். விறகுக்குக் கீழே ஒரு கோடு நனைந்தது. பிறகு அந்தக் கோடு பளபளத்தது.

“தண்ணி வருது” என்றேன்.

“வள்ளமெண்டா கொஞ்சம் வியர்க்கும், மிஸி” என்றார் ஆதம்பாவா. “அதோட, அது றசாக்கின்ட பக்கம்.”

“ஓமோம்” என்றார் றசாக். “இண்டையில இருந்து எல்லா ஓட்டையும் என்ட பக்கந்தான்.”

வள்ளக்காரர் ஒருவர் சிரட்டையால் இரண்டு முறை அள்ளி ஊற்றினார். அவ்வளவுதான். பட்டணத்து இறங்குதுறைப் பாலத்தில் இறங்கியபோது என்னுடைய சேலை முழுதும் விறகுச் சிராய். நேரே கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்த கிழமை நான் வாடிக்குப் போனபோது பூப்போட்ட பீங்கானில் கோழிக்குக் குருணல் வைத்திருந்தார்கள். சகனைச் சுற்றி நால்வர். மீன் துண்டுக்காக றசாக்கும் ஆதம்பாவாவும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் நிரலில் ‘சகன்’ என்று எழுதினேன். டொக்டர் அதன் கீழ்க் கோடிடவில்லை.

இத்தோடு ஆதம்பாவா குணமடைந்தார் என்று எழுதினால் நான் மீண்டும் ஒருமுறை பொய்க் குறிப்பு எழுதியவளாவேன். பின்னர் இரண்டு முறை குரல்கள் திரும்பின. இரண்டு முறையும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆனால், எட்டு மாதமல்ல, கிழமைக் கணக்கில். முதல் முறை திரும்பி வந்தபோது அவருடைய உளி வாடியில் அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. அவர் இல்லாத நாள்களில் அந்த இடத்தை மற்றொருவருக்குக் கொடுக்க முதலாளி மறுத்துவிட்டார் என்று றசாக் சொன்னார். நோய் தன் பாட்டில் வந்தது, தன் பாட்டில் போனது. அதை நாங்கள் அதிகம் மாற்றியதாக எனக்கு எண்ணமில்லை. வந்து போனபின் அவர் எங்கே போய் அமர்வார் என்பதில் மட்டுமே மனிதர்களுக்குச் சிறிது கை இருந்தது. சல்லி என்ற ஊரில் மீன் காயவைக்கும் வாடியொன்றில் நான் சேர்த்துவிட்ட ஒருவருக்கு ஆதம்பாவாவை விடக் கைத்திறனும் இருந்தது, மருந்தும் ஒழுங்காக எடுத்தார். அங்கே அவரை யாரும் ஏசவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. நான்கு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். அவருடைய படிவத்தில் நான்காம் நிரல் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. நான் அதை முன்னதாகவே பார்த்திருக்க வேண்டும்.

கடிதம் எழுதியவருக்கு இதுதான் பதில். புதிய படிவத்தில் ஓரத்தில் இடம் இருந்தால், ஓர் அடிமட்டம் போதும்.

டொக்டர் அருமைநாயகம் மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்று, போன வருடம் காலமானார். சேகு முதலாளியும் இல்லை. வாடியை அவருடைய மருமகன் நடத்துகிறார். நான் வேலையில் சேர்த்துவிட்ட பன்னிரண்டு பேரில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் பெரிய ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார்கள், இருவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆதம்பாவா இன்னும் குறிஞ்சாக்கேணியில் இருக்கிறார், வேலைக்குப் போகிறார்.